கண்ணுக்குக் கீழே ஒரு துருப்பிடித்த ஆணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஊர்ச் சுவர்களில் தலைவர்களும் நடிகர்களும் இருந்தது போதும், இனி அந்தந்த ஊர்க்காரர்களின் முகங்களையே வரைவோம் என்ற பேச்சு பல இடங்களில் எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் பேச்சு தொடங்கியதுமே யார் வரைவது, திறப்பு விழா எப்போது என்று தாவிவிடுகிறார்கள். சுவரில் ஓதம் இருக்கிறதா, படத்தில் இருப்பவர் எதற்கெல்லாம் சம்மதித்தார், 5 வருடம் கழித்து அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் விட்டுப்போகிறது. சுவரோவிய வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் விட்டுப்போவதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற படங்களுக்கு இல்லாத கண்டிப்பு முகத்துக்கு ஏன் என்று கேட்கலாம். ஒரு பூவிலோ மயிலிலோ உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. அதே அளவு மூக்கு நுனியில் உரிந்தால், தினமும் அந்த வழியாக நடந்து போகிற அந்த மனிதருக்கு அது கேலிச்சித்திரம். கண்ணுக்குக் கீழே சுவருக்குள் ஒரு பழைய இரும்பு ஆணி தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் போதும். துரு கரைந்து இறங்கி, கண்ணில் தொடங்கித் தாடை வரைக்கும் பழுப்பாக ஒரு கண்ணீர்க்கோடு விழுந்துவிடும். கழுவினால் போகாது. மேலே பெயிண்ட் பூசினாலும் சில வாரங்களில் ஊறிக்கொண்டு வெளியே வரும். அதனால் முகம் வரப்போகிற பரப்பு முழுவதையும் வேலைக்கு முன்பே ஒரு காந்தத்தை வைத்துத் தடவிப் பார்ப்பது நல்லது. கிடைக்கும் ஆணியைப் பிடுங்க வேண்டும். வராவிட்டால் சுற்றிலும் கொத்தி, சுவர்ப் பரப்புக்கு 2 செ.மீ. உள்ளே வெட்டிவிட்டு, துருத்தடுப்பு பிரைமர் (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) வைத்து, சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். அரை மணி நேர வேலை இது. படம் முடிந்த பிறகு செய்ய வேண்டி வந்தால் கன்னத்தையே உடைத்தாக வேண்டும்.

சுவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் கெடுவதில் பெரும்பங்கு சுவரால்தான், ஓவியரால் அல்ல. புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும். காய்வது என்பது ஈரம் போவது மட்டுமல்ல, காரமும் இறங்க வேண்டும். புதுச் சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை பி.ஹெச். அளவில் 12, 13 வரை இருக்கும். அதன் மேல் நிறம் போட்டால் சில சாயங்கள் வெளுக்கும், எண்ணெய் கலந்த பெயிண்ட் சோப்பாகவே மாறிப் பிசுபிசுக்கும். சுவரைச் சுத்தமான நீரால் லேசாக நனைத்து, காரம் காட்டும் தாளை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 9-க்குப் பக்கத்தில் இறங்கிய பிறகே படத்துக்கான நிறத்தைத் தொடலாம். அவசரம் என்றால் காரம் தாங்கும் பிரைமர் உண்டு. ஆனால் அது காரத்தைத்தான் தாங்கும், உள்ளே இருக்கும் தண்ணீரைத் தாங்காது.

தண்ணீரைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 45 செ.மீ. சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டி நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் சுவரில் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் உள்ளிருந்து வருகிறது என்று பொருள். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே ஒன்று. கீழே மட்டும் வியர்த்தால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. மேலே மட்டும் என்றால் கைப்பிடிச் சுவரின் தலைப்பூச்சு வெடித்திருக்கும், அல்லது மொட்டைமாடித் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். நடுவில் ஒரு திட்டாக வந்தால் பின்னால் குளியலறைக் குழாயைத் தேடுங்கள். இவற்றைச் சரிசெய்வது ஓவியர் வேலையல்ல, கொத்தனாரும் பிளம்பரும் செய்ய வேண்டியது. ஆனாலும் படத்துக்கான பணத்தில் முதல் பங்கு இவர்களுக்குத்தான் போக வேண்டும். இதை எந்தக் குழுவும் விரும்புவதில்லை. குழாய் மாற்றியதைத் திறப்பு விழாவில் காட்ட முடியாதல்லவா!

சுவரில் உப்புப் பூத்திருந்தால் கழுவத்தான் கை போகும். கழுவக் கூடாது. தண்ணீரில் கரைந்த உப்பு மறுபடி உள்ளே இறங்கி, காயும்போது இன்னும் வேகமாக வெளியே வரும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கொட்டி, ஒரு வாரம் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பூப்பது நிற்கும் வரை பிரைமர் வேண்டாம்.

பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் வேறு கதை. உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கை வெள்ளையானால் அந்தச் சுவர் அக்ரிலிக் எமல்ஷனுக்குத் தயாராக இல்லை. எமல்ஷன் காயும்போது சற்றுச் சுருங்கி இழுக்கும். அடியில் இருப்பது பொடியாக உதிரும் சுண்ணாம்போ டிஸ்டம்பரோ என்றால் அதையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு தோல் உரிவது போல விழும். அதனால் கெட்டியான பரப்பு வரும் வரை சுரண்டியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு நல்ல நிலையில் இருந்தால் சிலிகேட் பெயிண்டை யோசிக்கலாம். 1878-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற முறை அது. பொட்டாசியம் சிலிகேட் சுவரின் சுண்ணாம்போடும் மணலோடும் வேதிவினை செய்து ஒன்றிவிடும். மேலே படலமாக மூடாததால் சுவருக்குள் இருக்கும் ஆவி வெளியே போகவும் வழியிருக்கும். ஆனால் பழைய எமல்ஷன் மேலோ பட்டி பார்த்த சுவரிலோ அது பிடிக்காது. நிறத்தைத் திருத்தித் திருத்தி வரைகிறவர்களுக்கும் ஒத்துவராது.

எவ்வளவு பெயிண்ட் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் என்றால் 54 சதுர மீட்டர். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டு (ஒரு தடவை பூசுவது) பிரைமருக்கு 7 லிட்டர். அடி நிறம் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வீதம் 11 லிட்டர். படத்துக்கான நிறங்கள் எல்லாம் சேர்ந்து 12 முதல் 15 லிட்டர். சொரசொரப்பான பூச்சு என்றால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். அடி நிறம் வெள்ளையாக இருக்க வேண்டாம். முகத்தின் நடுத்தர நிறத்தையே அடியாகக் கொடுத்தால் வெளிச்சம் ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு போகலாம், பெயிண்டும் மிஞ்சும்.

நிற விஷயத்தில் முகம் வரைகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மனிதத் தோலின் நிறங்கள் அநேகமாக எல்லாமே மண் நிறங்கள்: மஞ்சள் காவி, செங்காவி, சுட்ட அம்பர் எனப்படும் அடர்பழுப்பு. வெள்ளைக்கு மட்டும் டைட்டானியம். இரும்பு ஆக்சைடு வெயிலுக்கு அசையாது. குகை ஓவியங்களில் இன்றும் நமக்குத் தெரிகிற சிவப்பும் மஞ்சளும் அதுதான். கடையில் இயந்திரத்தில் நிறம் கலக்கும்போது எந்தச் சாயம் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். சாயக் குறியீடு பி.ஆர். 101 என்றால் சிவப்பு ஆக்சைடு, பி.ஒய். 42 என்றால் மஞ்சள் ஆக்சைடு. பி.ஒய். 1, பி.ஒய். 74 போன்ற கரிமச் சாய மஞ்சள்கள் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஆக்சைடு அளவுக்கு வெயில் தாங்காது. அந்த மஞ்சளைக் கலந்து போட்ட கன்னம் நாளாக நாளாக நீலம் பாரித்துச் சோகை பிடித்த மாதிரி ஆவது இதனால்தான். சட்டை, பின்னணி எல்லாம் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று ஃப்ளோரசன்ட் நிறம் போடுபவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. வெளிச் சுவரில் அது சில மாதங்களுக்கு மேல் தாங்காது.

கருத்த முகத்தை மாநிறமாக்கிவிடும் கெட்ட பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பதில்லை. நிழலுக்குக் கறுப்பைக் கலந்து பார்ப்பார்கள், முகம் சாம்பல் பூத்தது போலாகும், உடனே வெள்ளையைச் சேர்த்து வெளுக்க வைத்துவிடுவார்கள். கறுப்பு டப்பாவைத் திறக்காமலே வேலையை முடிக்கலாம். சுட்ட அம்பரும் அல்ட்ராமெரின் நீலமும் சேர்ந்தால் ஆழமான, உயிருள்ள நிழல் வரும். கருத்த தோலில் வெளிச்சம் படும் இடத்தில் தெரிவது வெளிறிய பழுப்பு அல்ல, வானத்தின் நீலச் சாயல். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் அதைச் சிறிதாக, அழுத்தமாக வைத்தால் முகம் எழுந்து நிற்கும். கலவை சரியா என்று பார்க்க, 30 செ.மீ. சதுரத்துக்குச் சுவரில் பூசிக் காயவிட்டு, படத்துக்குரியவரையே வரச்சொல்லி முன்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை. எமல்ஷன் காய்ந்தால் சற்றுக் கறுக்கும் என்பதால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

புகைப்படம் சரியில்லை என்றால் எவ்வளவு திறமையிருந்தும் பயனில்லை. கைபேசியை முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும். சிறிய திரையில் அது தெரியாது, 9 மீட்டர் சுவரில் தெரியும். 2 மீட்டர் தள்ளி நின்று, கண் மட்டத்திலிருந்து, 85 மி.மீ. அளவுள்ள லென்ஸில் எடுப்பது நல்லது. வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். நேரெதிர் ஃபிளாஷில் எடுத்த படத்தில் நிழலே இருக்காது, பெரிதாக்கினால் தோசைக்கல் போலத் தட்டையாக நிற்கும். பல் தெரியச் சிரிப்பவரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எச்சரிக்கை: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் கறுப்புக் கோடு போடாதீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பல் விழுந்தவர் போலிருக்கும். மேல்வரிசை முழுவதையும் ஒரே வடிவமாக, ஓரங்களில் சாம்பல் கலந்து மங்க வைத்தால் போதும். சுத்த வெள்ளை அங்கே வரவே கூடாது.

அடுத்தது எங்கிருந்து பார்ப்பார்கள் என்பது. அந்த 9 மீட்டர் சுவருக்கு 6 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார், அவர் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. அவருக்கு நேராக இருக்கும் ஒரு மீட்டர் பரப்பு ஒன்பதரை டிகிரி கோணத்தில் தெரியும், உச்சியில் இருக்கும் ஒரு மீட்டர் வெறும் 4 டிகிரி. பாதிக்கும் குறைவு. அதாவது நெற்றி சப்பி, மோவாய் பெருத்த ஒருவரைத்தான் அவர் பார்ப்பார். 18 மீட்டர் தள்ளி நின்றால் கீழே 3.2 டிகிரி, மேலே 2.8 டிகிரி, ஏறக்குறைய சமம். ஆக, சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் எதிரே இருந்தால் புகைப்படத்தை அப்படியே ஏற்றலாம். குறுகிய தெரு என்றால் முகத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது மேற்பகுதியைச் சற்று நீட்டி வரையுங்கள். எவ்வளவு நீட்டுவது என்பதை முன்னதாகவே பார்த்துவிடலாம். படத்தை 90 செ.மீ. உயரத்துக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டி, 60 செ.மீ. தள்ளி, கண்ணைப் படத்தின் கீழ் விளிம்புக்கு 15 செ.மீ. மேலே வைத்து அண்ணாந்து பாருங்கள். தெருவில் தெரியப்போவது அதுதான்.

தரையிலிருந்து ஒன்றே கால் மீட்டர் வரை முகத்தின் எந்தப் பகுதியும் வரக் கூடாது. சேறு தெறிப்பது, சைக்கிள் சாய்ப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, இன்னும் சொல்லக் கூசுவது எல்லாம் அந்த உயரத்துக்குள்தான். அங்கே அடர்ந்த ஒற்றை நிறப் பட்டை ஒன்று இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை ரோலரால் புதுப்பித்துவிடலாம்.

படத்தைச் சுவருக்கு மாற்றுவதில் கட்டம் போடுவது பழைய முறை. 50 செ.மீ. கட்டம் என்றால் நம் சுவருக்கு 12-க்கு 18, மொத்தம் 216 கட்டம். தூக்குக்குண்டு விட்டு நூல் அடிக்க இரண்டு பேருக்கு அரை நாள் ஆகும். ப்ரொஜெக்டர் வைத்தால் இரவில்தான் வேலை. சாதாரண ப்ரொஜெக்டருக்கு 6 மீட்டர் அகலம் வர 9 மீட்டர் தூரம் தேவை, அது நடு ரோடாக இருக்கும். ஸ்டாண்டை யாராவது தட்டிவிட்டால் இடது கண் ஒரு படத்திலிருந்தும் வலது கண் வேறொரு படத்திலிருந்தும் வந்தது போலாகும். நான்கு மூலையிலும் குறி வைத்து அடிக்கடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பலரும் கிறுக்கல் முறைக்கு வந்துவிட்டார்கள். சுவர் முழுக்க எழுத்து, எண், சுழி என்று ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் கிறுக்கி, நேரே நின்று ஒரு படம் எடுத்து, முகப் படத்தை அதன் மேல் பாதி மங்கலாகக் கைபேசியில் ஏற்றிக்கொள்வது. மூக்கு நுனி ‘க’வின் வளைவில் வருகிறது, புருவம் 7-இன் தலையில் தொடங்குகிறது என்று பார்த்து வரையலாம், அளவுகோலே வேண்டாம். தவறு இரண்டு இடத்தில் நடக்கும். கோணலாக நின்று படம் எடுப்பது ஒன்று. கறுப்பில் கிறுக்கிவிட்டு, பிறகு கன்னத்தின் வெளிச்சப் பகுதியில் அது நிழலாடுவதைப் பார்த்து முழிப்பது இன்னொன்று. கிறுக்கலுக்கும் தோலின் நடுத்தர நிறத்தையே ஒட்டிய நிறம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சாரம் கட்டுபவரிடம் படத்தைக் காட்டிவிட்டுத்தான் கட்டச் சொல்ல வேண்டும். விசித்திரமாகத் தோன்றலாம், காரணம் இருக்கிறது. முகம் 4 மீட்டர் அகலம் என்றால் ஒரு கண் ஏறத்தாழ 80 செ.மீ. வரும். சாரத்தின் பலகை அந்தக் கண்ணுக்கு நேராக வந்துவிட்டால் மேலிமையைக் குனிந்தும் கீழிமையைக் கீழ்த்தட்டிலிருந்து அண்ணாந்தும் வரைய வேண்டும். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பலகை மட்டத்தை அரை மீட்டர் ஏற்றி இறக்கினால் தீரும் சிக்கல் இது. அதேபோல் சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் துளைகள். சாரம் பிரிக்கும்போது அவற்றை அடைத்துத் தொட்டு நிறம் வைக்க வேண்டும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்த இடத்தில் மினுப்பு வேறாகத் தெரியும். முடி, சட்டை மடிப்பு, பின்னணி என்று அவை மறையும் இடத்தில் துளையிடச் சொல்லலாம். இரண்டு கண்ணும் ஒரே மட்டமா என்பதைப் பலகை மேல் நின்று கண்டுபிடிக்க முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய ட்யூப் மட்டத்தால் கண்கோட்டை அடித்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் தலை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வோடு. வெயில் நேராக அடிக்கும் சுவரில் பெயிண்ட் பிரஷிலேயே காய்ந்துவிடும். கிழக்குச் சுவருக்குப் பிற்பகலும் மேற்குச் சுவருக்குக் காலையும் என்று மாற்றி வையுங்கள்.

சுவரில் நேராக வரைவது ஒன்றே வழி என்றும் இல்லை. 1984-இல் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்களைக் கண்ட அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ‘பாராசூட் துணி’ எனப்படும் நெய்யப்படாத பாலியெஸ்டர் துணியில் சதுரம் சதுரமாக வரைந்து, பிறகு அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டுகிறார்கள். சாரம் ஏற முடியாத முதியவர்கள், சிறையில் இருப்பவர்கள்கூட அந்தப் படத்தில் கை வைக்க முடிகிறது. ஒட்டும்போது துணிக்கு அடியில் காற்று நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதே முக்கியம்.

நிரந்தரம் வேண்டாம், ஒரு பருவம் இருந்தால் போதும் என்றால் காகிதம். பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2011-இல் தொடங்கிய ‘இன்சைட் அவுட்’ திட்டத்தில் உலகெங்கும் மக்கள் தங்கள் கறுப்பு வெள்ளை முகங்களை ஏறத்தாழ 90-க்கு 135 செ.மீ. காகிதத்தில் அச்சிட்டு ஒட்டினார்கள். பசை எளிது. ஒரு பங்கு மைதாவை ஒரு பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று பங்கு நீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்து நாறும். சுவரில் ஒரு கோட்டு, காகிதத்தின் பின்னால் ஒரு கோட்டு, ஊற இரண்டு நிமிடம், ஒட்டிய பிறகு மேலேயும் ஒரு கோட்டு. ஊறாத காகிதம் சுவரில் ஏறிய பிறகுதான் விரியும், சுருக்கம் நேராக முகத்தில் விழும். சாதாரண இங்க்ஜெட் அச்சு என்றால் பசை பட்டதும் மை ஓடிவிடும், லேசர் பிரிண்டரின் டோனர் அச்சுதான் நிற்கும். இதே ஜேஆர் 2009-இல் நைரோபியின் கிபேராவில் அங்குள்ள பெண்களின் கண்களையும் முகங்களையும் வீட்டுக் கூரைகள் மேல் விரித்தபோது காகிதத்தைப் பயன்படுத்தவில்லை. தண்ணீர் புகாத வினைலில் அச்சிட்டார், படமே மழைக்குக் கூரையுமாயிற்று.

யாருடைய முகம் என்ற கேள்வியில்தான் ஊர் இரண்டாகும். சிகாகோவில் 2004-இல் ஹவுமே ப்ளென்சா அமைத்த கிரௌன் நீரூற்று அதை ஒரு விதமாகத் தீர்த்தது. 15 மீட்டர் உயரக் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டு, அவற்றின் திரையில் நகரவாசிகள் சுமார் 1,000 பேரின் முகங்கள் மாறி மாறி வரும். யாரும் நிரந்தரமில்லை, அதனால் யாரும் பெரியவரும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிம் என்ற சிற்றூரில் தானியக் களஞ்சியங்கள் மேல் குய்டோ வான் ஹெல்டன் 2016 தொடக்கத்தில் முடித்த படம் இன்னொரு விதம். 30 மீட்டர் உயரத்தில் நான்கு விவசாயிகள், பெயர் போடாமல். பெயர் இல்லாததால் அது நான்கு குடும்பங்களின் பெருமையாகச் சுருங்கவில்லை. எங்களைக் கேட்டால், பெயர்ப்பலகை வேண்டுமா என்பதை முகத்துக்குரியவர் முடிவு செய்யட்டும், குழு அல்ல.

சம்மதத்தை வாயால் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவது பரவலாக நடக்கிறது. எழுதி வாங்குங்கள், அவர் படிக்கும் மொழியில், ஒரே பக்கத்தில். புகைப்படம் எடுப்பதற்கு ஒரு கையெழுத்து, சுவரில் வரைவதற்கு ஒன்று, அந்தப் படத்தைக் காலண்டரிலோ துண்டறிக்கையிலோ நிதி தந்த கம்பெனியின் விளம்பரத்திலோ போடுவதற்குத் தனியாக ஒன்று. மூன்றாவதற்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம், நடுவில் மனம் மாறினால் எத்தனை நாளில் அழிப்பீர்கள், அவர் காலமானால் குடும்பத்தில் யாரைக் கேட்பது, பக்கத்துச் சுவரில் தேர்தல் விளம்பரம் வந்தால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து இப்போதைக்குத்தான் செல்லும் என்று வைத்துக்கொண்டு, வயது வந்ததும் அந்தப் பிள்ளையையே மறுபடி கேளுங்கள். புகைப்படத்தின் உரிமை பெரும்பாலும் எடுத்தவருக்கு, ஓவியத்தின் உரிமை வரைந்தவருக்கு, சுவர் உரிமையாளருக்கு. முகம் இன்னொருவருடையது. இந்த நால்வரும் ஒரே தாளில் கையெழுத்திடாத படத்தை நாங்கள் தொடுவதில்லை.

பாதுகாப்புப் பூச்சு பற்றி விற்பனையாளர்கள் நிறையச் சொல்வார்கள். ஈரம் வெளியேறும் சுவரில் கெட்டியான பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தால் அந்த ஈரம் உள்ளே அடைபட்டு, முகம் பால் படிந்தது போல வெளுக்கும், பிறகு கொப்புளம். நிறம் நன்றாக உலர இரண்டு வாரம் விட்டு, மினுப்பில்லாத, புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கோட்டு போதும். யாராவது படத்தின் மேல் கிறுக்குவார்கள் என்ற பயம் இருந்தால் கீழ்ப்பகுதிக்கு மட்டும் மெழுகுப் பூச்சு, வெந்நீரால் கழுவி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். இரவு விளக்கு வைப்பதானால் தரையில் வைக்காதீர்கள். மோவாய்க்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறினால் எப்பேர்ப்பட்ட சாந்தமான முகமும் பேய் முகமாகும், பூச்சின் மேடுபள்ளமும் தெரியும். மேலிருந்து கை நீட்டி இறங்கும் விளக்குதான் முகத்துக்குச் சரி.

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை முதல் நாளே தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் ஒருவர் போய்ப் பார்த்து, மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் கொண்டு துடைத்து, உரிந்த இடத்தைக் குறித்துவர அது உதவும். மிஞ்சிய பெயிண்டைப் பத்திரப்படுத்துவதை நம்ப வேண்டாம், ஓரிரு வருடத்தில் கெட்டுவிடும். ஒவ்வொரு தோல் நிறத்துக்கும் கலவை விகிதத்தை எழுதி, அதே நிறம் பூசிய அட்டைத் துண்டை ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள்.

அழிக்க வேண்டிய நாளும் வரும். கட்டடம் கைமாறும், சுவர் இடியும், அல்லது மற்றவர்களுக்கு முறை வரும். லாஸ் ஏஞ்சலஸில் கென்ட் ட்விட்செல் வரைந்த ஓவியர் எட் ருஷேயின் ஆறு மாடி உருவப்படத்தை 2006-இல் முன்னறிவிப்பு இல்லாமல் பூசி மறைத்தார்கள். 2008-இல் அது 11 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அந்த நாட்டுச் சட்டம் ஓவியருக்கு 90 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அதே 90 நாளை வைத்துக்கொள்ளலாம், ஓவியரோடு முகத்துக்குரிய வீட்டாருக்கும் சேர்த்து. அழிக்கும் முன் நேரெதிரே நின்று, அளவுகோல் தெரிய, ஒரு நல்ல படம் எடுத்து அந்த வீட்டில் கொடுங்கள். பிறகு வெள்ளையடிக்கும்போது சாதாரண பிரைமர் ஒரு கோட்டோடு நிறுத்திவிட வேண்டாம். கறை தடுக்கும் பிரைமர் இரண்டு கோட்டாவது வேண்டும். இல்லாவிட்டால் புருவமும் கண்ணும் வெள்ளைக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இப்படிக்கு,
சுவரோவியம் வரைவோர் சிலர்